சுகப்பிரசவத்தில் சுகம் எங்கே?

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி "என்ன குழந்தை?" இரண்டாவது கேள்வி "நார்மலா, சிசேரியனா?" கொஞ்சம் வயதானவர்கள் "சுகப்பிரசவந்தானே?" என்பார்கள். ஆமாம் என்றால் மறுமுனையில் ஒரு நிம்மதி. "ஆபரேஷன்" என்றால் "அடடா" என்று ஓர் இழுப்பு, அதன் வாலில் "இப்பல்லாம் யாரு சுகப்பிரசவம் பாக்குறா" என்று ஒரு தீர்ப்பு. பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்ற கேள்வி மூன்றாவதாக வரலாம், வராமலும் போகலாம். சுகம் என்று பெயரிலேயே இருக்கிறதே, பிறகென்ன தனியாக விசாரிப்பது?

சுகம் நாம் தினமும் புழங்குகிற சொல். கடிதம் எழுதிய காலத்தில் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்காதவர்கள் "இங்கு யாவரும் சுகம்" என்று தொடங்கினார்கள். ஈழத்தில் இன்றும் "சுகமா இருக்கிறியளோ?" என்பதுதான் குசல விசாரிப்பு, காய்ச்சல் வந்தால் "சுகமில்லை", தேறிவிட்டால் "சுகப்பட்டிட்டுது". நம் ஊரில் அரசுத் துறைக்கே சுகாதாரம் என்று பெயர். ஜெபக் கூட்டங்களின் சுவரொட்டிகளில் சுகமளிக்கும் கூட்டம் என்று போட்டிருக்கும். அலுவலகத்தில் விடுப்பு எழுதும்போது சுகவீனம். இவை எல்லாவற்றிலும் சுகம் என்றால் உடல்நலம்.

சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. உடல் சுகம், படுக்கை சுகம், "சுகம் கண்ட உடம்பு". இந்த முகம் ஆணுக்கு வந்தால் அனுபவம், பெண்ணுக்கு வந்தால் வசை. சுகத்தைத் தேடிப் போனவள் என்று ஒரு பெண்ணைச் சொன்னால் அவள் டாக்டரைத் தேடிப் போனாள் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. ஒரு பெண்ணுடலோடு சேர்த்து, நாலு பேர் முன்னிலையில், மாமனார் மச்சினர் காதுபட, கூச்சமில்லாமல் சுகம் என்ற சொல்லைச் சொல்ல நம் சமூகம் அனுமதிக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவள் உடல் அதிகபட்ச வலியில் இருக்கும் இடம்.

இதை வெறும் முரண் என்று ரசித்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்தச் சொல் மருத்துவமனைக்குள் போய் வேலை செய்கிறது. என்ன வேலை என்று பார்க்க வேண்டும்.

முதலில் அதற்கு நியாயம் செய்துவிடுவோம். சுகப்பிரசவம் என்ற சொல் பிறந்த காலத்தில் அதற்கு எதிர்ச்சொல் சிசேரியன் கிடையாது, சாவு. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. குழந்தை குறுக்கே விழுந்து வெளிவராமல் போனால் என்ன செய்வது என்று சுசுருத சம்ஹிதை மூடகர்ப்பம் என்ற தலைப்பில் பேசுகிறது. நம் கோயில்களைப் பாருங்கள். பாபநாசம் பக்கத்தில் திருக்கருகாவூரில் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் பிள்ளை வேண்டுபவர்களுக்கு நெய்யும், சுகப்பிரசவம் வேண்டுபவர்களுக்கு விளக்கெண்ணெயும் மந்திரித்துத் தருகிறார்கள். எண்ணெயை வயிற்றில் தடவிக்கொள்ள வேண்டும். திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் நின்றுவிட, நிறைமாத மகளுக்குப் பேறு பார்க்கச் சிவனே தாயின் உருவில் வந்தார் என்பது தலபுராணம். (கடவுளே ஆனாலும் அந்த அறைக்குள் வர வேண்டுமென்றால் பெண்ணாகத்தான் வர வேண்டியிருந்தது.) அந்தச் சந்நிதிகளில் நிற்கும் பெண் எந்த வழியாகக் குழந்தை வரும் என்று கேட்பதில்லை. நானும் குழந்தையும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்று கேட்கிறாள். "பெத்துப் பொழைச்சு வந்தா" என்று கிராமத்தில் சொல்வார்களே, அதுதான் சுகப்பிரசவத்தின் பழைய பொருள். முடிவைச் சொன்ன சொல் அது.

சிசேரியன் பரவலான பிறகு அதே சொல் வழியைச் சொல்லத் தொடங்கியது. "சுகப்பிரசவமா, சிசேரியனா?" என்ற இரட்டைக் கேள்வி வந்ததும் சுகம் என்பது யோனி வழியாகப் பிறப்பது என்று சுருங்கிவிட்டது. இதன் விளைவு விசித்திரமானது. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியதைக் கவனித்து, சரியான நேரத்தில் அறுத்து எடுத்து, தாயும் பிள்ளையும் நாலாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தால் அது சுகம் இல்லை. இருபது மணி நேரம் துடித்து, ஆசனவாய்த் தசைவரை கிழிந்து, இரத்தம் ஏற்றி, மாதக்கணக்கில் மலத்தை அடக்க முடியாமல் ஒரு பெண் வெளியே போகக் கூசி வீட்டிலேயே கிடந்தால் அது சுகப்பிரசவம்.

ஆங்கிலத்தில் இதே வேலையை நார்மல் என்ற சொல் செய்கிறது. அரசு மருத்துவமனையிலோ தனியாரிடமோ பிள்ளை பெற்று வந்தவர்கள் வீட்டில் டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்று இருக்கும். எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எஃப்.டி.என்.டி. என்றோ எல்.எஸ்.சி.எஸ். என்றோ எழுதியிருக்கும். முதலாவது மாதம் நிறைந்த நார்மல் டெலிவரி, இரண்டாவது சிசேரியன். பல சீட்டுகளில் முதலாவதோடு ஓர் ஒட்டு இருக்கும்: 'வித் ஆர்.எம்.எல்.இ.' அதாவது யோனி வாயிலிலிருந்து வலப்புறமாகச் சாய்த்துக் கத்தரியால் வெட்டப்பட்டது என்று பொருள். எபிசியாட்டமி. வெட்டிய பிறகு தைப்பார்கள். இயல்பானது என்று எழுதிய அதே வரியில் வெட்டியதும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு 'வித்'. அதை எழுதியவருக்கோ படித்தவருக்கோ முரண் எதுவும் தட்டுப்பட்டிருக்காது.

வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை. தேவைப்படும் நேரங்கள் உண்டு. ஆனால் தலைச்சன் பிள்ளை என்றாலே வெட்டுவது என்ற வழக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. பிள்ளையை வெளித்தள்ள மேல்வயிற்றில் கையை வைத்து அமுக்குவதையும் அது வேண்டாமென்கிறது. பெண் விரும்பும் ஒருவர் கூடவே இருக்கட்டும் என்கிறது. வலி குறைக்க ஊசி கேட்டால் எபிடியூரல் கொடுக்கலாம் என்கிறது. நம் ஊரில் 'நார்மல்' பார்த்து வந்த பெண்களிடம் கேட்டால் இந்தப் பட்டியல் அப்படியே தலைகீழாகக் கிடைக்கும். வெட்டினார்கள், மரத்துப்போகும் ஊசி பிடிக்கும் முன்பே தைத்தார்கள், ஒருவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று அமுக்கினார், அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார்கள், வலிக்கு ஊசி என்று ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை. காப்பர் டி போட்டிருப்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இத்தனைக்கும் பிறகு சீட்டில் நார்மல். உறவினரிடம் சுகம்.

இப்போது அந்த அறைக்குள் வாய்மொழியாகப் புழங்கும் சுகத்துக்கு வருகிறேன். வலியில் கத்தும் பெண்ணிடம், "அன்னைக்கு சுகமா இருந்துச்சுல்ல, இப்ப மட்டும் ஏன் கத்துறே?" என்று கேட்பது. ஊர் ஊராக, மாவட்டம் மாவட்டமாக, கிட்டத்தட்ட அதே சொற்களில், பெண்கள் சொல்லிக் கேட்ட வாசகம் இது. இந்தியாவின் பிற மொழிகளிலும் இதற்கு அச்சுப் பிசகாத மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. கேட்பவர் பெரும்பாலும் இன்னொரு பெண். நர்ஸ், ஆயா, சில நேரம் டாக்டர். கேட்கப்படுபவள் யார் என்பதும் தற்செயலானதல்ல. கணவர் என்ன வேலை, எந்தத் தெரு, எத்தனையாவது பிள்ளை என்பதைப் பொறுத்து இந்தக் கேள்வி வரும் அல்லது வராது. கார்ப்பரேட் ஆஸ்பத்திரியின் ஏ.சி. அறையில் இந்தக் கேள்வியை எவரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த வசையை மனிதநேயக் குறைபாடு, ஆள் பற்றாக்குறை, பணிச்சுமை என்று விளக்குவார்கள். பணிச்சுமை உண்மைதான். ஆனால் பணிச்சுமை சிடுசிடுப்பைத்தான் தரும். இந்தக் குறிப்பிட்ட வாசகத்தைத் தராது. இது ஒரு கணக்கு. உடலுறவில் பெண் சுகம் கண்டாள் என்பது குற்றம், பேற்றுவலி அதற்கான தண்டனை, ஆகவே வலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்க அவளுக்கு உரிமையில்லை. ஐரோப்பாவிலும் இதே கணக்கு இருந்தது. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் பிரசவத்தில் மயக்கமருந்தைப் பயன்படுத்தியபோது, ஏவாளுக்குக் கடவுள் விதித்த வேதனையில் மனிதன் கைவைக்கலாமா என்ற ஆட்சேபம் எழுந்தது. 1853இல் விக்டோரியா ராணியே குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்ட பிறகு அந்தப் பேச்சு மெல்ல மங்கியது. நமக்கு ஆதியாகமம் தேவைப்படவில்லை. சுகம் என்ற ஒரே சொல்லை வைத்துக் கணக்கை நேர் செய்துகொண்டோம். அறையில் வசையாக அதே சொல், அறைக்கு வெளியே வாழ்த்தாக அதே சொல். இப்படிப்பட்ட நடத்தைக்கு வெனிசுவேலா 2007இலேயே மகப்பேற்று வன்முறை என்று சட்டத்தில் பெயர் வைத்தது. நம்மிடம் 2017இல் லக்‌ஷ்யா திட்டம் வந்து, பிரசவ அறையில் கண்ணியமான பராமரிப்பு பற்றிப் பேசியது. அறைகளின் ஓடுகளும் மேசைகளும் பல இடங்களில் மாறின. வாசகம் அவ்வளவு வேகமாக மாறவில்லை.

சுகப்பிரசவம் ஒரு நற்சான்றிதழாகவும் வேலை செய்கிறது. "குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சா தானா சுகப்பிரசவம் ஆயிடும்." இதைச் சொல்லாத மாமியார் இல்லை, யூடியூப் சேனல் இல்லை. வீடு பெருக்கு, தரையில் உட்கார்ந்து துடை, கையால் துணி துவை, தோப்புக்கரணம் போடு. நடப்பதும் உடற்பயிற்சியும் கர்ப்பிணிக்கு நல்லது என்பதில் மருத்துவத்துக்கு மறுப்பில்லை. ஆனால் பெருக்குவதற்கும் துடைப்பதற்கும் பெண்ணின் இடுப்பெலும்புதான் காரணம் என்று ஆகிவிடுகிறதல்லவா, அங்கேதான் எனக்குச் சந்தேகம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ ஊரையே துடைத்தாலும் பயனில்லை. அதை யாரும் சொல்வதில்லை. சிசேரியன் ஆனவளைப் பார்த்து "சொகுசா இருந்தா எப்படி சுகப்பிரசவம் ஆகும்?" என்பார்கள். சொகுசாக இருப்பவளுக்குச் சுகம் கிடைக்காதாம். சுகம் வேண்டுமானால் பாடுபட வேண்டுமாம். பெண்களுக்காக இவ்வளவு நேர்த்தியாக வளைக்கப்பட்ட இன்னொரு சொல் தமிழில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நம் சினிமாவும் துணை நின்றது. வெந்நீர் கொண்டு வா என்ற குரல், மூடிய கதவு, ஒரு அலறல், உடனே குழந்தையின் அழுகை, வெளியே நிற்கும் ஆணின் முகத்தில் சிரிப்பு. 'நண்பன்' (2012) படத்தில் மழை இரவில் கல்லூரியில் மாணவர்கள் வாக்குவம் கிளீனரை மாற்றியமைத்துப் பிள்ளையை வெளியே எடுக்கிறார்கள்; எல்லோரும் கண்கலங்கக் கைதட்டினோம். பொறியியல் வென்றது, நட்பு வென்றது, கல்லூரி முதல்வரின் கர்வம் தோற்றது. அந்தப் பெண்ணின் உடம்பு அதற்குப் பிறகு என்ன ஆனது என்பது அந்தக் கதையின் கவலை இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். சிசேரியன் கொள்ளையை நீ ஆதரிக்கிறாயா என்று. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிறப்புகள் சிசேரியன்; தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாடு முழுவதற்குமான எண் 21.5. நான்காம் சுற்றில் தமிழகத்தின் எண் 34.1 ஆக இருந்தது. இத்தனை பெண்களின் இடுப்பு சில ஆண்டுகளில் குறுகிப்போய்விட்டது என்று நம்ப நான் தயாரில்லை. கட்டணம், டாக்டரின் நேரம், வழக்கு பயம், முதல் சிசேரியன் இருந்தால் அடுத்ததும் சிசேரியன் என்ற எளிய முடிவு, நல்ல நட்சத்திரம் பார்த்துத் தேதி குறிக்கும் குடும்பம் என்று காரணங்கள் பல. அவற்றில் தொழில் சார்ந்தவற்றைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும். தேவையில்லாத அறுவை அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதும் சின்ன விஷயமில்லை.

என் புகார், அந்தப் போராட்டத்தை நாம் சுகப்பிரசவம் என்ற சொல்லை ஏந்தி நடத்துவது பற்றியது. அந்தச் சொல் கையில் இருக்கும்வரை கேள்வி மருத்துவமனையை நோக்கிப் போகாது. "ஏன் வலி தாங்க மாட்டேங்குறே" என்று பெண்ணை நோக்கித் திரும்பும். பிரசவ அறையின் வசவுக்கும் தனிமைக்கும் பயந்து, நானே ஆபரேஷன் கேட்டேன் என்று சொல்லும் பெண்ணை நாகரிகக் கோளாறு என்று ஒதுக்குவோம். அவளை அப்படிக் கேட்க வைத்த அறையைப் பற்றிப் பேச மாட்டோம். சிசேரியன் விகிதம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1985இல் சொன்னதைத்தான் இன்னும் மேடைகளில் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே நிறுவனம் 2015இல், ஒரு விகிதத்தை எட்டிப்பிடிக்க முயல்வதைவிடத் தேவைப்படும் பெண் ஒவ்வொருத்திக்கும் அறுவை கிடைக்கச் செய்வதே முக்கியம் என்று சொன்னது மேடைக்கு வருவதில்லை. இங்கிலாந்தில் மோர்கேம் பே மருத்துவமனைக் குழந்தைகளின் சாவுகளை விசாரித்த 2015ஆம் ஆண்டு அறிக்கை, எப்பாடுபட்டாவது நார்மலாகவே பிறக்க வைக்க வேண்டும் என்ற மருத்துவச்சிகள் சிலரின் பிடிவாதத்தையும் காரணங்களுள் ஒன்றாகச் சொன்னது. 2022இல் சிசேரியன் விகிதத்தைத் தரத்தின் அளவுகோலாக வைப்பதை அந்நாட்டு அரசு மருத்துவத் துறை கைவிட்டது. ஒரு சொல்லின் மீதுள்ள பக்தி ஆளைக் கொல்லும்.

நம்மிடமும் கொன்றிருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூரில் இளம்பெண் ஒருவர், யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடத்தப்பட்ட பிரசவத்தில் இரத்தப்போக்கால் இறந்தார். அடுத்த சில நாட்களில், வலியில்லாமல் வீட்டிலேயே சுகப்பிரசவம் ஆகப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைதானார். "எங்க பாட்டி பத்துப் பெத்தா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனா?" என்று கேட்கும் குரல் அதற்குப் பிறகும் ஓயவில்லை. பத்தில் எத்தனை தங்கியது என்று அந்தப் பாட்டியிடம் யாரும் கேட்டதில்லை. தாத்தாவுக்கு இரண்டாவது கல்யாணம் ஏன் நடந்தது என்றும் கேட்டதில்லை. 2018–20இல் தமிழ்நாடு லட்சம் பிறப்புகளுக்கு 54 தாய் மரணங்கள் என்ற இடத்துக்கு வந்தது தோப்புக்கரணத்தால் அல்ல. கிராம சுகாதார செவிலியர்களால், ஆரம்ப சுகாதார நிலையங்களால், 108 வண்டியால், இரத்த வங்கியால், ஆமாம், சிசேரியனாலும்.

பிறகு உயிரோடு திரும்பியவர்களின் உடம்பு. செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981இலிருந்து தலித் பெண்களோடு வேலை செய்துவரும் ரூசெக் அமைப்பும், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டி.கே. சுந்தரி ரவீந்திரனும் கருப்பை இறக்கம் பற்றிக் கிராமப் பெண்களிடம் உட்கார்ந்து பேசி எழுதியிருக்கிறார்கள். "அடி எறங்கிருச்சு" என்று பெண்கள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் உபாதை அது. அதைச் சுமந்தபடியே வருடக்கணக்கில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள். பெற்ற மறு வாரமே குடம் தூக்கியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் சுகமாகப் பெற்றவர்கள்தான், அந்தச் சொல்லின் கணக்கில்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? இயல்பான பிரசவம், இயற்கைப் பிரசவம் என்று சிலர் எழுதுகிறார்கள். நார்மலின் சிக்கல் அப்படியே அதில் வந்துவிடுகிறது. மற்றது இயல்புக்கு மாறானது, செயற்கை என்றாகிறது. ஆங்கில மருத்துவ எழுத்து இப்போது நார்மலை விட்டு யோனிவழிப் பிரசவம் என்று வெறுமனே சொல்லப் பழகிவருகிறது. தமிழில் அதைச் சொல்ல நமக்கு வாய் வராது என்பதுதான் உண்மையான தடை. யோனி என்று நாளிதழில் அச்சேறாது, ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் எழுத மாட்டார்கள், வகுப்பில் ஆசிரியர் உச்சரிக்க மாட்டார். மானிப்பாயில் உட்கார்ந்து சாமுவேல் கிறீன் ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கியது 19ஆம் நூற்றாண்டில். அவற்றில் மகப்பேற்று மருத்துவமும் இருந்தது. ஆகவே மொழியில் சொல் இல்லை என்ற சாக்கு செல்லாது. உறுப்பின் பெயரைச் சொல்லாமல் தப்பிக்க ஒரு திரை வேண்டியிருந்தது, சுகம் திரையானது. திரைக்குப் பின்னால் நடந்த வெட்டும் கிழிசலும் தையலும் கூடவே மறைந்துபோயின. மூன்றாம் நிலைக் கிழிசல் என்று மருத்துவம் வகைப்படுத்தி வைத்திருப்பதைத் தன் மொழியில் சொல்ல ஒரு பெண்ணுக்கு வார்த்தை இல்லாவிட்டால், புறநோயாளிப் பிரிவின் வரிசையில் நின்று, பின்னால் பத்துப் பேர் காதுகொடுத்துக் கொண்டிருக்க, அவள் டாக்டரிடம் என்னவென்று சொல்வாள்? "அங்க ஒரு மாதிரியா இருக்கு" என்பாள். டாக்டர் சீட்டைப் பார்ப்பார். நார்மல் என்று இருக்கும்.

ஆண்கள் அறையை விட்டுப் போன பிறகு, பிள்ளை பார்க்க வந்த பெண்கள் கட்டில் ஓரம் உட்கார்ந்து வேறு கேள்விகள் கேட்பார்கள். சுகப்பிரசவமா என்று அப்போது யாரும் கேட்பதில்லை. "தையல் எத்தனை? உக்கார முடியுதா? ஒண்ணுக்குப் போனா எரியுதா? ராத்திரி தூங்குனியா?"